பங்கும் கணக்கும்

தமிழ்க் கத்தோலிக்கர் தம் வட்டாரக் கோயிலையும் அதனைச் சூழ்ந்த குடிகளையும் ஒருசேரப் 'பங்கு' என்று வழங்குகின்றனர். சொல்லாராய்ச்சியில் நாட்டமுடையோர் இச்சொல்லின்பாற் சிறிது நின்று செல்லல் வேண்டும். ஆங்கிலத்திற் 'பாரிஷ்' என வழங்குவது 'பரோய்க்கியா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. வேற்றூரில் அயலானாய்த் தங்கி வாழ்தல் என்பது அதன் முதற்பொருள். இவ்வுலகு நிலையான ஊரன்று, நாம் வழிப்போக்கர் என்று எண்ணிய ஆதிக் கிறித்தவர் தங்கள் கூட்டத்துக்கு அப்பெயரை விரும்பி ஏற்றனர். தமிழோ அக்கருத்தைப் பெயர்த்துக் கூறாமல் தன் வீட்டுச் சொல்லொன்றையே எடுத்துக் கொடுத்தது. பங்கு என்பது பகுத்தற் கருத்தோடு பிறந்த சொல். வயலிற் பங்கு, வீட்டிற் பங்கு, கிணற்றிற் பங்கு என்று உரிமைக் கூற்றைக் குறிப்பது. ஒரு சொல் அயலானைக் குறிக்க, மற்றொன்று உரியவனைக் குறிக்கின்றது.

இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தி வாழ்ந்தவர் இலங்கையில் எவரேனும் உளரெனின், அவர் மலைநாட்டுத் தோட்டங்களிலுள்ள கத்தோலிக்கத் தமிழரே. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து கோப்பிக்காலத்திலும் தேயிலைக்காலத்திலும் கங்காணிமாரின் பின்னே நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். வருகையில் துண்டு முடிச்சில் அந்தோனியார் படத்தையும் செபமாலையையும் கொண்டுவந்தவர்கள். 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அன்னாரின் பெரும்பகுதியினரை ஒரே நாளில் 'பரோய்க்கியா' ஆக்கிற்று. 1964 ஒக்டோபரிற் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று தலையெண்ணிப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974-ல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 2003-ம் ஆண்டுச் சட்டத்தோடுதான் இவ்வழக்கு ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. நாட்டிற் பங்கு இல்லை என்று சொல்லப்பட்ட அத்தனை ஆண்டுகளிலும் அவர்களைப் 'பங்கு மக்கள்' என்று பெயர்கூறி அழைத்த இடம் கோயில் ஒன்றே.

அங்ஙனம் அழைக்கப்பட்டவர்க்குப் பங்கின் வரவும் செலவும் எத்துணை தெரியும் என்பதே இன்று நான் எழுப்ப விரும்பும் வினா. இதனைக் குற்றங்கூறும் நோக்கத்தோடு எழுப்பவில்லை. எந்தக் கோயிலின் பெயரையும் ஈண்டு எடுக்கப்போவதும் இல்லை.

முதலில் பங்கின் ஆண்டு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை, இம்மலைகளை அறியாத வாசகர் பொருட்டுக் கூறவேண்டும். கண்டி மறைமாவட்டத்துக்கு உட்பட்ட நுவரெலியா மாவட்டத்திற் பங்கு என்பது ஓர் ஊரன்று. கடைவீதியோரம் ஒரு தாய்க்கோயில் இருக்கும். அதனைச் சார்ந்து ஐந்தும் பத்துமாகத் தோட்டச் சிறுகோயில்கள் மலைக்கு மலை சிதறிக் கிடக்கும். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, லிந்துலை, இராகலை, கந்தப்பளை ஆகிய எப்பக்கம் சென்றாலும் இந்நிலையைக் காணலாம். பங்குத் தந்தை எல்லாச் சிறுகோயில்களுக்கும் ஞாயிறுதோறும் செல்வது இயலாத காரியம். சில இடங்களில் மாதம் ஒரு பூசையே கிட்டும். ஏனைய ஞாயிறுகளில் உபதேசியாரே மணியடித்துச் செபம் சொல்லி, வாசகம் படித்து, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பார். சூசை வாஸ் முனிவர் 1687-ல் இத்தீவில் அடிவைத்த பின்னர், குருமார் பற்றாத காலத்தில் மூப்பரையும் அண்ணாவியாரையும் கொண்டு சபையைக் காத்த முறை இன்றும் தோட்டங்களில் இவ்வடிவில் வாழ்கின்றது எனலாம்.

நாட்காட்டி உரோமாபுரியிலிருந்து வருகின்றது, காசோ கொழுந்திலிருந்து வருகின்றது. இரண்டும் ஒத்துப்போவது அரிது. தை, மாசியில் நுவரெலியாப் பக்கத்து மலைகளிற் பனி பெய்து செடி கருகும். மழையும் இராது. தேயிலையின் மணம் உயரும், நிறை குறையும். தோட்டக் கம்பனிக்கு அது நல்ல காலமாக இருத்தல் கூடும், கொழுந்தெடுப்பவளுக்கு அரைப்பேர் விழும் காலம். அவ்வேளையிலேதான் ஜனவரி 20-ம் நாள் செபஸ்தியார் திருநாள் வரும். அடுத்துச் சாம்பற் புதனும் தவக்காலக் காணிக்கையும் வரும். சித்திரை, வைகாசியில் மழை விழுந்து கொழுந்து பெருகும்போது உயிர்ப்புத் திருநாளும் மாதா வணக்க மாதமும் ஓரளவு கையோடு கைசேரும். ஜூன் 13 அந்தோனியாருடையது. ஆவணியில் மடுவுக்கு யாத்திரை போகவேண்டும், பேருந்து பிடிக்கவேண்டும். ஹட்டன் நகர்க் கோயில் திருச்சிலுவையின் பெயர் தாங்கியது, திருச்சிலுவைத் திருநாளோ செப்ரெம்பர் 14. நுவரெலியா நகர்க் கோயில் சவேரியாருடையது, அவர் நாள் டிசெம்பர் 3. இடையில் ஒக்டோபர் மாதத்துச் செபமாலையும், உலக மறைபரப்பு ஞாயிற்றுக் காணிக்கையும், நவம்பர் 2-ல் கல்லறைத் திருநாளும் உண்டு. நத்தாருக்குத் தோட்டத்திற் பண்டிகை முற்பணம் கிடைக்கும். அது பின்னர் மாதாமாதம் சம்பளத்திற் பிடிக்கப்படும்.

ஏப்ரல் மாதத்து நுவரெலியாவைத் தனியே குறிப்பிடவேண்டும். கொழும்பிலிருந்து வசந்தகாலத்துக்கு வரும் செல்வர் நகர்க் கோயிலை நிரப்புவர். தட்டில் விழும் தாள்களின் நிறமே வேறு. அதே ஞாயிறன்று மூன்று கட்டைக்கு அப்பால் தோட்டக் கோயிலில் ஆட்கள் குறைவாயிருப்பர். கொழுந்து மிகுந்த காலமாதலின் பலர் ஞாயிற்றுக் கைக்காசுக்கு மலைக்குப் போயிருப்பர். ஒரே பங்கு, ஒரே நாள்!

இனிக் காசுக்கு வருவோம். 2024-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வெளியாயிற்று. 2021-ல் 1,000 ரூபாவை அடைவதற்கே எத்தனை ஆண்டு வாதம் நடந்தது என்பதை வாசகர் அறிவர். பாவனைக்கு ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 18 பேர் விழுந்த ஒரு பெண்ணுக்கு அவ்விகிதப்படி 24,300 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் 1,944 கழிந்தால் 22,356. பின்னர்த் தொழிற்சங்கச் சந்தா, பண்டிகை முற்பணத் தவணை, கடைக்கடன். சில தோட்டங்களில் மாரியம்மன் கோயில் நிதியும் செக்றோலிலேயே பிடிக்கப்படும். கத்தோலிக்கரும் அதனை மனமுவந்து கொடுப்பதுண்டு. அந்தோனியார் திருநாளுக்கு இந்துக் குடும்பத்தார் கொழுக்கட்டைக் கூடையோடு வருவதும் உண்டு. இவ்வழகைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம்.

இந்த வீடு கோயிலுக்குக் கொடுப்பதென்ன? மாதச் சந்தா 200 ரூபா, ஞாயிற்றுத் தட்டுக்கு 50, திருநாள் வரி 2,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,000 ரூபா ஆகின்றது. அஃதாவது, ஆண்டில் ஐந்து நாள் கூடை சுமந்த கூலி. நேர்ச்சைக் காணிக்கையும் இறந்தோர் பூசைக் காசும் இதிற் சேரவில்லை. நூற்றிருபது குடும்பமுள்ள ஒரு பங்கிற்கு இக்கணக்கே எட்டு இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. கூலியாய் அளந்தால் 600 நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. அரசினரின் 2019-ம் ஆண்டுக் குடும்ப வருமான செலவின மதிப்பீட்டின்படி நாடு முழுவதும் நூற்றுக்கு 14.3 பேர் வறியோராயிருக்க, தோட்டத்துறையில் அது 51.3 ஆக இருந்தது. அதன்பின்னரே 2022-ன் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாய் நூற்றுக்கு 75 வீதம் உயர்ந்தபோது வழிபாட்டிடங்களும் அதற்கு விலக்காகவில்லை. கோயிலுக்கும் செலவு உண்டு என்பதை மறுப்பார் யார்?

செலவிற் பெரியது திருநாள். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள். முதல் நாள் நவநாள் மேற்பிரிவாருக்கு, இரண்டாம் நாள் கீழ்ப்பிரிவாருக்கு, அடுத்தது தொழிற்சாலையாருக்கு, மற்றொன்று கடைக்காரருக்கு என்று உபயம் பிரிக்கப்படும். பந்தல், ஒலிபெருக்கி, மின்விளக்கு, பாண்டு வாத்தியம், சொரூபம் எழுந்தருளும் தேருக்குப் பூ, வெளியூர்ச் சுவாமியார்க்கு வண்டிச் செலவு, இறுதி நாள் அன்னதானம். இப்பட்டியலைக் கண்டு, 'வறியவர்க்கு இவ்வளவு ஆடம்பரம் எதற்கு?' என்று கேட்கும் படித்த கூட்டம் ஒன்று நகரங்களில் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. லய அறையும் தமக்குச் சொந்தமன்று, காம்பராவைச் சுற்றிய நிலமும் சொந்தமன்று என்றிருந்த மக்களுக்கு, இது எங்களுடையது என்று கைநீட்டிக் காட்ட ஆண்டில் இருந்தவை அந்தப் பத்து நாள்களே. தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் நத்தாரைத் தவறவிட்டாலும் திருநாளைத் தவறவிடுவதில்லை. 1960-களிலும் 70-களிலும் கப்பலேறி நீலகிரிக்கும் கொடைக்கானற் பக்கத்துக்கும் சென்று குடியேறியோரிற் பலர், தாம் விட்டுச்சென்ற தோட்டத்தின் திருநாளையே அங்கும் நினைந்து பேசுவர். ஆதலின் திருநாளைக் குறைத்தல் என் வாதமன்று.

என் வாதம் திரட்டும் முறையைப் பற்றியது. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன புறநானூற்று அறிவுரையைத் தமிழாசிரியர் அனைவரும் கற்பிக்கின்றோம். விளைந்ததை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறுநிலமும் யானைக்குப் பலநாட் காணும், யானையே வயலுட் புகுந்தால் வாய் தின்பதினும் கால் மிதித்து அழிப்பது மிகும் என்பது அதன் கருத்து. திருநாட் குழுவினர் வீடுவீடாகப் புத்தகத்தோடு புகுந்து, 'இவ்வளவு எழுதுங்கள், பக்கத்து வீட்டார் இவ்வளவு எழுதிவிட்டார்' என்று நிற்பது யானை புகுவதே. எழுதிய தொகையைக் கொடுக்க இயலாதவன் திருநாளன்று கோயிலின் பின்வரிசையில் தலைகவிழ்ந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். அவனுக்குத் திருநாள் வந்தென்ன, வாராதென்ன? முற்காலத்திற் பெண்கள் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் இட்டுக் கோயிலுக்குச் சேர்த்த பிடியரிசி முறை கவளமளிக்கும் முறை. அதனை மீட்கவேண்டும் என்பேன். அரிசியாக முடியாவிடில் வாரத்துக்குப் பத்து ரூபாவாக மீட்கலாம்.

கடற்கரைப் பங்குகளில் வேறு வழி இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் ஊர்களில் அன்றன்று பட்ட மீனில் ஒரு பகுதி கோயிலுக்குச் சேர்ந்தது. அதைத் தண்டும் உரிமையைக் குத்தகைக்கு விட்டனர். மீன் பட்டால் கோயிலுக்கும் உண்டு, படாவிடில் இல்லை. அதிற் குத்தகைக்காரன் கொடுமை செய்ததும் உண்டு, வழக்குகளும் எழுந்தன. எனினும் கடல் கொடுத்த அளவுக்கே கொடுப்பது என்னும் அடிப்படை நேர்மையானது. எங்கள் மலையில் திருநாள் வரி கொழுந்து விழுந்தாலும் விழாவிட்டாலும் ஒன்றே.

இன்னொன்று சொல்வேன். பலர் இகழும் ஏலத்தை நான் மதிக்கின்றேன். பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில், நேர்ச்சையாக வந்த சேவல், பூசணிக்காய், வாழைக்குலை, முட்டை எல்லாம் ஏலம் கூறப்படும். ஒரு தோடம்பழத்துக்குக் கடைக்காரர் இருவர் போட்டியிட்டுக் கோழி விலைக்கு ஏற்றிவிடுவர். பிள்ளைகள் கைதட்டுவர். அதில் வறியவன்மேல் வரி இல்லை, உள்ளவன் தன் பெருமைக்குத் தானே இட்டுக்கொள்ளும் வரி அது. அன்றியும், எவ்வளவுக்கு எடுத்தார் என்பதைக் கூடியிருந்த அனைவரும் காதாற் கேட்கின்றனர். பங்கின் ஆண்டு முழுவதிலும் பணம் வெளிப்படையாய்ப் பெயர் பெறும் நேரம் அதுவொன்றே. மற்றப்படி ஒரு கொடையாளியின் பெயர் குழல்விளக்கின்மீது எழுத்தாய் நின்று வெளிச்சத்தை மறைப்பதைத்தான் காண்கின்றோம்.

அவ்வளவு பணம் நடமாடும் பங்கில் உபதேசியாரின் நிலை என்ன? காலையிற் பிரட்டுக்குப் போய், மாலையிற் செபம் சொல்பவர் அவர். சாவு விழுந்தால் சுவாமியார் வந்துசேருமுன் பிணத்தருகே நிற்பவர் அவர். பிறப்புப் பத்திரம் இல்லாதார் பலர்க்கு ஞானஸ்நானப் பதிவேடே வயதுக்கும் ஊருக்கும் சான்றாக நின்ற காலத்தில், அவ்வேட்டிற் பெயரைத் தவறின்றி எழுதிவைத்தவரும் இவ்வுபதேசியார் வழியினரே. அவர் பெறும் கொடுப்பனவு ஓர் இரவுப் பாண்டு வாத்தியத்தின் கூலிக்கு ஒப்பாகுமா என்று திருநாட் குழுவினரையே கேட்டுப் பாருங்கள். இது கொடுமையினாலாவது கருமித்தனத்தினாலாவது நேர்ந்ததன்று. எவரும் இரண்டு தொகையையும் ஒரே தாளில் எழுதி ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்ததில்லை, அவ்வளவே. கணக்கு என்பது இதற்காகத்தான் வேண்டும். களவைப் பிடிப்பது அதன் கடைசிப் பயன். எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தோம் என்று நமக்கே காட்டுவது முதற்பயன்.

நிற்க. திருச்சபையின் சட்டம் இதுபற்றி யாது கூறுகின்றது? 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 537-ம் பிரிவு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு ஒன்று இருத்தல் வேண்டும் என்கின்றது. 1284-ம் பிரிவு, ஆண்டிறுதிதோறும் வரவு செலவுக் கணக்கு வரைய வேண்டும் என்கின்றது. 1287-ம் பிரிவின் இரண்டாம் பகுதி இன்னும் ஒருபடி மேலே சென்று, விசுவாசிகள் கோயிலுக்குக் கொடுத்த பொருளைப்பற்றி அவ்விசுவாசிகளுக்கே, அவ்வப்பகுதித் திருச்சபை வகுக்கும் முறைப்படி, கணக்குக் காட்டல் வேண்டும் என்று விதிக்கின்றது. ஆயருக்குக் காட்டினால் மட்டும் போதாது. 1267-ன்படி ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட பணம் அந்நோக்கத்துக்கே செல்லல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் தித்வாப் புயலோடு வந்த பெருமழையில் மலைநாட்டின் மண்சரிவுகள் பல உயிரைக் கொண்டுபோன பின்னர் இவ்விதியின் பொருளை விளக்கவேண்டியதில்லை. இடருற்றோருக்கென்று தட்டில் விழும் பணம் கூரை ஓட்டுக்குப் போதல் ஆகாது, அவ்வோடு எத்துணை ஒழுகினும். பூசைக் காணிக்கையில் வாணிகத்தின் சாயல்தானும் படலாகாது என்பது 947-ம் பிரிவு. காணிக்கை இல்லாத வறியவன் கருத்துக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்குமாறு குருக்களைத் தூண்டுவது 945. நான் கண்ட சுவாமிமார் பெரும்பாலோர் இவற்றை நன்கு காப்பவர்கள். ஆனால் இவ்விதிகள் இருப்பதே லயத்திலிருப்போர்க்குத் தெரியாது. தெரியாத உரிமை உரிமையாமா?

தமிழனுக்கு இவை புதிய செய்திகளும் அல்ல. உத்தரமேரூரிற் பராந்தக சோழன் காலத்தில், 919-ம் 921-ம் ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை வகுக்கின்றன. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவனும் அவனுடைய உறவினரும் குடத்தில் ஓலையிடப் பெறார் என்பது அங்குள்ள விலக்குகளுள் ஒன்று. உறவினரையும் சேர்த்து விலக்கினர் என்பதை எண்ணுந்தோறும் நம் திருநாட் குழுக்கள் என் நினைவுக்கு வருகின்றன! தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு, அவற்றுக்கு ஈடாக நாள்தோறும் உழக்கு நெய், அதை ஆடவல்லான் என்னும் அளவையால் அளத்தல் என்பது வரை கல்லிலே வெட்டிவைத்தனர். ஆடு ஏற்ற இடையன் பெயரும் அக்கல்லில் உண்டு. மன்னன் கொடுத்ததையும் இடையன் அளந்ததையும் ஒரே சுவரில், ஊரார் பேசும் மொழியில் எழுதிய பரம்பரை நம்முடையது.

மொழி என்றேன். இதுவே என் மனத்தை மிகவும் வருத்துவது. கணக்கே வைக்காத பங்குகள் குறைவு. கணக்கு ஆங்கிலத்தில் இருக்கும். மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பவேண்டிய படிவத்தில் இருக்கும். கட்டடத்துக்கு உதவிய வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒவ்வொரு பற்றுச்சீட்டும் நிழற்படமும் சேர்த்து அறிக்கை செல்லும். கொடுத்தவன் கணக்குக் கேட்பது முறைதானே. ஆனால் அக்கட்டடத்துக்கு மணல் சுமந்தவளும், மாதம் இருநூறு ரூபா கொடுத்தவளும் கொடுத்தவர்கள் அல்லரா? அவர்களுக்குச் செல்லும் அறிக்கை யாது? ஒரு தோட்டக் கோயிலின் வாசலில், கொழுந்தெடுத்து விரல் கறுத்த மூதாட்டி ஒருத்தி என்னிடம் மெல்லக் கேட்டாள்: "நாங்க போட்ட காசு எதுக்கு போச்சுன்னு கேட்டா சாமியாரு கோவிச்சுக்குவாங்களா மாஸ்டர்?" கோபிக்கமாட்டார் என்று சொன்னேன். அதற்கு அவள், "அப்ப ஏன் யாரும் கேக்கல?" என்றாள். அவ்வினாவைத்தான் இங்கு நீட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்போஸ்தலர் பணியின் ஆறாம் அதிகாரத்தை நினைவுகூர்வது நன்று. திருச்சபையில் முதன்முதல் எழுந்த நிருவாகப் பிணக்கு வேதசாத்திரம் பற்றியதன்று. நாடோறும் நிகழ்ந்த பங்கீட்டில் கிரேக்கமொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போயினர் என்பதே முறையீடு. மொழி வேறுபட்டவர், ஆண்துணை அற்றவர், பங்கீட்டில் மறக்கப்பட்டவர். அதனைக் கேட்ட அப்போஸ்தலர் முறையிட்டோரை வாயடக்கவில்லை, எழுவரைத் தெரிந்து அவ்வேலைக்கு அமர்த்தினர். புனித பவுலும் எருசலேமின் வறியோர்க்காகத் திரட்டிய பணத்தைத் தீத்துவின் கையில் ஒப்புவித்தபோது, சபைகளால் தெரியப்பட்டோரையும் உடன் அனுப்பினார். இப்பெருந்தொகை பற்றி எவரும் தம்மைக் குறைகூற இடம் வையாதிருத்தலே காரணம் என்று தாமே கொரிந்தியர்க்கு எழுதுகின்றார். பவுலுக்கு வேண்டியிருந்த காவல் நமக்கு வேண்டாமோ?

இதற்கு மறுப்புகள் வருகின்றன. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று ஆண்டவர் கூறவில்லையா என்பர். அது கொடுப்பவனுக்குக் கூறியது, வாங்கி வைப்பவனுக்குக் கூறியதன்று. கணக்கைப் படித்தால் சண்டை எழும் என்பர். எழட்டும். படிக்காதிருந்தால் சண்டை எழுவதில்லையா? அது கோயிலுக்குள் எழாமல் தண்ணீர்ப் பீலியடியிலும் தேநீர்க் கடையிலும் எழுகின்றது. பங்குத் தந்தை மாற்றலாகிச் செல்லும் காலத்தில், அந்நல்லவர் செய்யாத செயல்களெல்லாம் அவர் தலையில் ஏறுகின்றன. கணக்கில்லாமையால் முதலிற் கெடுவது குருவின் நற்பெயரே. தட்டிய கையெல்லாம் கணக்கறிந்த கையாயிருப்பின் அவர் தலைநிமிர்ந்து பேருந்தேறலாம்.

மூன்றாவது மறுப்பு எனக்குச் சினமூட்டுவது. தோட்டத்து மக்களுக்குக் கணக்கு விளங்காது என்பது அது. இதைச் சொல்வோர் மாலையிற் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருநாள் நின்று பார்த்ததில்லை போலும். ஈரக் கொழுந்துக்கு எத்தனை கிலோ கழித்தார், சாக்குக்கு எத்தனை கழித்தார், காலை நிறுவைக்கும் மாலை நிறுவைக்கும் என்ன வேறுபாடு என்று மனத்துள்ளே கூட்டிக் கழித்துக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள். சம்பளத்தாளில் எந்தக் கட்டம் எதற்கு என்பதை எழுத்தறியாக் கிழவியும் இடம் பார்த்துச் சொல்வாள். தராசின் முள்ளையே வாழ்நாள் முழுதும் நோக்கிய கண்ணுக்குக் கோயிற் கணக்கு விளங்காது என்பவர் கணக்கை அறியாதவர் அல்லர், மக்களை அறியாதவர்.

விளங்காதது மொழியே. கணக்குத் தமிழில் இல்லாத சொல் எது? வரவு, செலவு, இருப்பு, கடன், பற்று, தேய்மானம், முற்பணம் எல்லாம் நம் கணக்கப்பிள்ளைமார் நாவிலுள்ள சொற்கள். 'காணிக்கை' என்னும் சொல்லையே நோக்குக. பெரியோரைக் காணச் செல்லுங்கால் வெறுங்கையோடு செல்லாது கொண்டுசெல்வது அது. காண்டலோடு பிறந்த சொல். 'சந்தா' வேறு, 'நேர்ச்சை' வேறு, 'உபயம்' வேறு, 'தருமம்' வேறு. இந்நான்கையும் ஒரே ஆங்கிலத் தலைப்பின்கீழ் எழுதிக் கூட்டும்போது, நேர்ச்சையாக வந்தது எது, தருமத்துக்கு வந்தது எது என்னும் வேறுபாடு அழிகின்றது. சட்டத்தின் 1267-ம் பிரிவு காக்க விரும்பும் வேறுபாட்டைத் தமிழ்ச் சொற்களே காத்துத் தருகின்றன. தமிழாசிரியன் தன் சரக்கை விற்கின்றான் என்று நகைப்போர் நகைக்கட்டும்.

நான் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. ஆண்டுக் கணக்கை நத்தார் நெருக்கடியில் வாசிக்க வேண்டாம், எவரும் கேளார். தவக்காலத்து முதல் ஞாயிற்றில், அல்லது சம்பள நாளான பத்தாந் தேதிக்குப் பின்வரும் ஞாயிற்றில் வாசிக்கலாம். தாய்க்கோயிலில் மாத்திரம் போதாது, ஒவ்வொரு தோட்டச் சிறுகோயிலிலும் வேண்டும். சுவாமியார் வரமுடியாத இடத்தில் உபதேசியார் வாசிக்கட்டும். தம் கொடுப்பனவு எவ்வளவு என்று தம் வாயாலேயே படிக்க நேர்வதில் ஒரு நன்மை உண்டு, கேட்போர் அதை மறவார். நிதிக் குழுவிற் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவரேனும் இருத்தல் வேண்டும். இப்பொழுது அதில் இருப்போர் பெரும்பாலும் கடைக்காரர், எழுதுவினைஞர், என்போன்ற ஆசிரியர். திருநாட் கணக்கைப் பங்குக் கணக்கோடு கலவாமல் தனியே எழுதி, கொடியிறக்கிய இரண்டு வாரத்துள் வெளியிடவேண்டும். சிறப்புக் காணிக்கைகளில், மறைபரப்பு ஞாயிற்றுக்கு இவ்வளவு, தவக்காலத்துக்கு இவ்வளவு, எங்கே அனுப்பினோம், பற்றுச்சீட்டு எண் யாது என்பன தெரியவேண்டும்.

வாசித்த பின்னர் அத்தாளைக் கோயிற் கதவின் உட்புறத்தில், மழைச்சாரல் படாத இடத்தில் ஒட்டிவைக்கலாம். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். மாலை ஆறு மணிக்கு மலையிலிருந்து இறங்கி வருபவள் செபத்துக்கு நுழையும்போது அங்கே மங்கிய ஒரு விளக்குத்தான் எரிந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் படிக்கக்கூடிய அளவு எழுத்து வேண்டும்.